இரண்டு விரல் இடைவெளி

சிங்கப்பூரின் தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டில் காலை நேரத்தில் காய்கறி இறக்கும் சின்ன லாரி ஒன்றைப் பின்னால் நின்று கவனியுங்கள். இடம் போதாமல் ஓட்டுநர் ஒரு பின்சக்கரத்தை நடைபாதை விளிம்பில் ஏற்றி நிறுத்தியிருப்பார். கேபினின் கூரை ஏறக்குறைய நேராக இருக்கும். அதற்குப் பின்னால் சரக்குப் பெட்டியின் முன்பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சமதரையில் இணைகோடுகளாக இருந்த இரண்டும் இப்போது கோணல். பார்த்தவுடன் வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். ஒன்றும் ஆகவில்லை. அது அப்படி முறுக்கிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற மாதிரி ஓர் இடைவெளி விட்டிருப்பதும் அதற்காகத்தான்.

பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, நட்டு நட்டாகக் கழற்றித் தன் விருப்பப்படி புதிதாகக் கட்டுகிற பித்து அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலருக்கு உண்டு. அவர்கள் காரை விட்டுவிட்டுப் பிக்கப்பைத் தேடிப் போவதற்கு முக்கியமான காரணம் அந்த இரண்டு விரல் இடைவெளியில் இருக்கிறது. இன்றைய காரில் கூரை, தரை, பக்கச் சுவர் எல்லாம் சேர்ந்த ஒரே கூடுதான் சுமையைத் தாங்குகிறது. முட்டை ஓடு மாதிரி. ஓரிடத்தில் வெட்டினால் மற்ற இடத்திலும் பலம் போகும். பிக்கப் அப்படி இல்லை. கீழே ஏணி போல ஒரு சட்டம். எஞ்சின், ஸ்பிரிங், அச்சு எல்லாம் அதில்தான் மாட்டியிருக்கும். கேபினும் பெட்டியும் அதன் மேல் போல்ட் போட்டு வைத்தவை. கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் மிச்சம் இருக்கிற எலும்புக்கூட்டை அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம்.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு இது புதிதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த லாரி சேசிஸ், கேபினும் இல்லாமல் கதவும் இல்லாமல், ஒரு தற்காலிக இருக்கை, முகத்தில் துண்டு கட்டிய ஓட்டுநர் என்று நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் போய்க்கொண்டிருக்கும். அங்கே பாடி கட்டுவார்கள். பஸ் என்றால் கரூர். ஒரே மாதிரி வந்த சேசிஸ்களில் ஒன்று வைக்கோல் லாரியாகும், ஒன்று டேங்கராகும், ஒன்று ஸ்லீப்பர் பஸ்ஸாகும்.

இந்த யோசனை மோட்டாருக்கு முந்தியது. மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இருசு, அதன் இரு முனையிலும் சக்கரம், சக்கரம் கழலாமல் கடையாணி. இருசின் மேல் பார். வைக்கோல் ஏற்றினால் பாரின் இரு பக்கமும் உயரமான முளைக்குச்சிகள், குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போனால் மேலே கூண்டு. பார் ஒன்றுதான், மேலே வைப்பது மட்டும் வேலைக்கு ஏற்ப மாறும். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரமே மாட்டு வண்டியின் வட்டாரம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கண்டாங் கெர்பாவ் என்ற பெயர்களெல்லாம் இங்கே இருந்த மாட்டுத் தொழுவங்களின் மிச்சம். சைனாடவுனில் உள்ள கிரேத்தா ஆயர் என்பதற்கு மலாயில் தண்ணீர் வண்டி என்று பொருள். ஊருக்குக் குடிநீர் கொண்டுபோனது மாடு இழுத்த வண்டி.

மாட்டு வண்டியின் பார் எஃகுக்கு மாறியபோது இந்த ஊரில் நடந்தது சுவாரசியமானது. முதல் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் சிங்கப்பூர்த் தெருக்களில் கொசு பஸ் என்று ஒன்று ஓடியது. அமெரிக்காவின் ஃபோர்டு டி மாடல் சேசிஸ், அதன் மேல் உள்ளூரில் கட்டிய மரப் பெட்டி, ஏழு பேர் உட்காரும் இடம். நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். டிராம் தண்டவாளத்தை விட்டு விலக முடியாது. கொசு பஸ் சந்து பொந்தெல்லாம் நுழையும், கை காட்டிய இடத்தில் நிற்கும். 1927இல் டிராம் நின்றுபோனதற்கு இந்தக் கொசுக்கடியும் ஒரு காரணம். முப்பதுகளில் விதிமுறைகள் இறுகி, சின்ன முதலாளிகள் சேர்ந்து பெரிய பஸ் நிறுவனங்களாக மாறியபோது கொசு பஸ்ஸின் காலம் முடிந்தது. போக்குவரத்து வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒழுங்கற்ற காலம் என்று ஒரு பத்தியில் கடந்துபோகிறார்கள். எனக்கு இது தொழில்நுட்ப வரலாற்றின் அருமையான அத்தியாயமாகப் படுகிறது. வண்டித் தொழிற்சாலை என்று ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தச்சுக் கருவியும் கொல்லுப் பட்டறையும் தெரிந்த கைகளே போதுமாக இருந்தன.

டி மாடலை நம்பி அப்படிக் கட்ட முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வந்தன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 100 அங்குலம், அதாவது 254 செ.மீ. எஞ்சின் 2.9 லிட்டர், சக்தியோ 20 குதிரைதான். அதை விடக் கவனிக்க வேண்டியது எஞ்சின் உட்கார்ந்திருந்த விதம். சட்டத்தோடு மூன்றே இடங்களில்தான் பிணைப்பு, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. நாலு கால் மேசை மேடு பள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. சட்டம் எப்படி முறுக்கிக்கொண்டாலும் முக்காலி மேல் உட்கார்ந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு விரிசல் விடாது. மேலே இருந்த மரப்பெட்டியும் ஆணியும் மூட்டும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து முறுக்கலைச் சமாளிக்கும், என்ன, வழியெல்லாம் கிரீச் கிரீச் என்று முனகும்.

1917இல் ஃபோர்டு ஒரு டன் சுமக்கும் டிடி மாடலை விற்கத் தொடங்கியபோது அதை வெறும் சேசிஸாகத்தான் விற்றது. பெட்டியை வாங்கியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையே பெட்டி வைத்த முதல் ஃபோர்டு பிக்கப் 1925இல் வந்தது, விலை 281 அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டே, 1926இல், ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரில் மலாயாக் கிளையைத் தொடங்கியது. பெட்டியில் வந்த வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டும் எங்கோர் ஸ்திரீட் கராஜ் ஒன்றில்தான் ஆரம்பம்.

இனி அறிவியல். சமையலறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து இரு முனையையும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள். அசையாது. இப்போது கத்தரிக்கோலால் நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு. மறுபடி முறுக்குங்கள். குழைந்துவிடும். அட்டை கொஞ்சமும் குறையவில்லை, எடை அதேதான், ஆனாலும் முறுக்கலைத் தாங்கும் திறன் எங்கோ போய்விட்டது. மூடிய குழாயில் விசை சுற்றிச் சுற்றி ஓடித் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. வெட்டியதும் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. குழாயின் ஆரம் அதன் தகட்டுக் கனத்தைப் போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், வெட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 300 மடங்கு.

பழைய பிக்கப்பின் நீளச் சட்டங்கள் இரண்டும் இந்த வெட்டிய குழாயின் உறவுதான். ஆங்கில சி எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்த எஃகு வார். திறந்து விட்டது ஏன்? மண் சாலையில் நாலு சக்கரமும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விறைத்த சட்டமாக இருந்தால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது இன்னொன்று அந்தரத்தில் தொங்கும். முறுக்கிக்கொள்கிற சட்டம் நாய் படுப்பதற்கு இடம் பார்க்கிற மாதிரி தரைக்கு ஏற்றபடி தன்னை வளைத்துக்கொள்ளும். இன்றைய பிக்கப்புகள் பலவற்றில் மூடிய பெட்டிச் சட்டம் வருகிறது. சக்கரம் ஏறி இறங்க ஸ்பிரிங்கே அதிக இடம் கொடுப்பதால் சட்டம் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

முறுக்குவதற்கு நெகிழ்கிற இதே வார், பாரத்துக்கு வளைவதில் பிடிவாதக்காரன். ஓர் அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து வளைத்தால் வளையும், நிமிர்த்திப் பிடித்தால் வளையாது. 3 மி.மீ. கனமும் 30 மி.மீ. அகலமும் உள்ள கோல் நிமிர்ந்து நிற்கையில் நூறு மடங்கு விறைப்பு. வளையும்போது ஒரு விளிம்பு இழுபடும், எதிர் விளிம்பு நசுங்கும், நட்டநடுவில் இரண்டும் இல்லை. பள்ளிக்கூட ரப்பரை வளைத்தால் ஒரு பக்கம் சுருக்கம் விழுவதும் மறுபக்கம் இழுபட்டு வெளுப்பதும் தெரியும். எனவே பெட்டி கட்டும்போது சட்டத்தில் ஓட்டை போட வேண்டி வந்தால் நடுப்பகுதியில் போடலாம். மேல் கீழ் விளிம்பில் போடக்கூடாது. நாமக்கல்லில் அனுபவமுள்ள எந்த மேஸ்திரியும் அந்த விளிம்பில் டிரில்லை வைக்க விடமாட்டார். அவர் சூத்திரம் எழுதிப் பார்த்ததில்லை, விளிம்பு ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பி வந்து நின்ற சேசிஸ்களைப் பார்த்திருப்பார்.

அடுத்தது பட்டை ஸ்பிரிங். அதை ஏன் கனமான ஒரே பட்டையாகச் செய்யாமல் அடுக்கடுக்காக வைத்தார்கள்? 200 பக்க நோட்டுப் புத்தகம் வளையும், அதே கனத்துப் பலகை வளையாது. 25 மி.மீ. கனமுள்ள ஒரே பட்டைக்குப் பதில் 5 மி.மீ. பட்டைகள் ஐந்து என்றால் வளைவது 25 மடங்கு எளிதாகும். தாங்கும் திறன் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், அவ்வளவுதான். அதாவது உடையாமல் எவ்வளவு தூரம் வளையலாம் என்பது ஐந்து மடங்கு கூடுகிறது. நோட்டை வளைக்கையில் தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவது போலப் பட்டைகளும் உரசி வழுக்கும். அந்த உரசலே துள்ளலைக் கொஞ்சம் அடக்கிவிடும்.

ஆனால் இந்த ஸ்பிரிங் முழுப் பாரத்தை மனத்தில் வைத்துக் கணக்கிட்டது. பின் அச்சின் மேல் உள்ள எடை நாலு மடங்கானால் துள்ளும் வேகம் பாதியாகும், எடை குறைந்தால் தலைகீழ். காலிப் பிக்கப் சின்னப் பள்ளத்துக்கும் உதறுவது இதனால்தான். சிங்கப்பூரில் லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிற நம் ஊர்த் தம்பிகளைக் கேட்டால் ஸ்பிரிங் கணக்கு சொல்லாமலே விளங்கும். வெங்காய மூட்டைக்காகக் கணக்கிட்ட ஸ்பிரிங்கின் மேல் மனித முதுகெலும்பை உட்கார வைப்பது சரியில்லை என்று இந்த ஊரில் பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. இயற்பியலைக் கேட்டால் அதுவும் அந்தக் கட்சிதான்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் கணக்குதான். அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 250 கிலோ வைத்தால் முன்சக்கரங்களின் மேல் இருந்த எடையில் 50 கிலோ குறையும். சீசா விளையாட்டுதான். ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது என்று ஓட்டுநர் மகிழ்ந்தால் அது ஆபத்தான மகிழ்ச்சி. சரக்கின் பாரம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் அமர வேண்டும்.

இவ்வளவும் தெரிந்து ஒருவர் பழைய பிக்கப்பைக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் எதிரி துரு. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் மழை, காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், எந்தப் பக்கம் போனாலும் கடல். ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆனால் அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதுதான் விசித்திரம். துருவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் காற்றோட்டமான இடத்தில்தானே அதிகம் அரிக்க வேண்டும்? பிக்கப்பின் அடியில் குனிந்து பார்த்தால் சேறு அப்பிய மூலையில்தான் ஓட்டை விழுந்திருக்கும். பிரிட்டன் விஞ்ஞானி யூலிக் எவன்ஸ் உப்பு நீர்த்துளி ஒன்றை இரும்புத் தகட்டில் வைத்து இதை விளக்கினார். துளியின் விளிம்புக்கு ஆக்ஸிஜன் எளிதில் கிடைக்கும், நடுவுக்குக் கிடைக்காது. இரும்பு கரைவது நடுவில். கரைந்த இரும்பு விட்டுச்செல்லும் எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடி அங்கே ஆக்ஸிஜனோடு சேர்கின்றன. ஒரே துளி ஒரு சின்ன பேட்டரியாகிவிடுகிறது. சேற்றுக்கு அடியில் இருக்கும் தகடு அந்தத் துளியின் நடு. வெளியே பளபளப்பாக இருக்கும் தகடு விளிம்பு. பளபளப்பானது பிழைக்கிறது, மறைந்திருப்பது செலவாகிறது.

பேட்டரியாக வந்த நோயைப் பேட்டரியைத் தலைகீழாக மாட்டித் தணிக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சில கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையில் மாட்ட வேண்டும், ஒதுக்கிய இரும்புக் கம்பி ஒன்றை நேர்முனையில். இரண்டும் தொடக்கூடாது. நுரை கிளம்பும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் செந்துரு கறுத்து, தேய்த்தால் உதிர்கிற பதத்துக்கு வந்திருக்கும். நல்ல இரும்பு கொஞ்சமும் குறையாது. சாணைச் சக்கரம் போட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் தின்னும். மூன்று எச்சரிக்கை. கிளம்பும் நுரை ஹைட்ரஜன், திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பொறி கூடாது. நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியை மாட்டாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாகத் தண்ணீரில் இறங்கும். பட்டை ஸ்பிரிங்கை இந்தத் தொட்டியில் போடவே போடாதீர்கள். கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும்.

வெல்டிங் பற்றி ஒரே ஒரு வார்த்தை. காலியாக இருக்கிற பெட்ரோல் டேங்க், நிரம்பிய டேங்கை விட ஆபத்தானது. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவியாகிக் காற்றோடு கலந்துதான் எரிகிறது. கலவையில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை ஆவி இருந்தால் வெடிக்கும். பழைய டேங்க் காலி என்று நம்பி ஒட்டு வைக்காதீர்கள்.

இதெல்லாம் சரி, சிங்கப்பூரில் எங்கே செய்வது? குடியிருப்பவர்களில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில். வீட்டோடு கராஜ் என்பது தரைவீட்டுக்காரர்களின் பாக்கியம். கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் வண்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்த காலம் போய்விட்டது. ஜாலான் புசார் பக்கம் உதிரிபாகம் தேடி அலைந்தவர்கள் கடைசியாகப் பழைய கருவி பொறுக்கிய சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. பட்டறைகளெல்லாம் சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் என்று அடுக்குக் கட்டடங்களுக்குள் போய்விட்டன. 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை பையைக் காலி செய்யும். சரக்கு வண்டிக்கு அதற்கு மேல் இன்னொரு சுவர் உண்டு. இருபது வயதானால் அது சாலையை விட்டுப் போக வேண்டும். ஆகவே, பழைய கார் கண்ணில் படுகிற இந்த ஊரில் பழைய பிக்கப் கண்ணில் படுவது அபூர்வம்.

ஜொகூரிலோ திருச்சியிலோ ஒரு பழைய பிக்கப் உங்கள் கண்ணில் பட்டு ஆசை வந்துவிட்டால், வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் போங்கள். பெயின்ட் உரியாமல் இருக்க அதைத் துணியில் சுற்றி, கதவின் கீழ் விளிம்பிலும் சக்கர வளைவிலும் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். அதற்காக விலகி வர வேண்டாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான். கேபின், கதவு, பெட்டி எல்லாம் மாற்றக்கூடியவை. பிறகு ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே படுத்து, நீளச் சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் பேரத்தைத் தொடங்கலாம். பின் அச்சுக்கு மேலே வளையும் இடத்தில் சத்தம் மொத் மொத் என்று விழுந்து, கையில் செதில் உதிர்ந்தால், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.